ரெய்கி எங்கிருந்து வந்தது? பசிபிக் கடலை மூன்று முறை தாண்டிய கை வைத்தியம்

நோயாளியின் மேல் கை வைத்து உயிர்ச்சக்தியைச் செலுத்திக் குணப்படுத்துவதாகச் சொல்லும் முறை ரெய்கி. அதன் வகுப்புக்கான துண்டறிக்கைகளில் 'வரலாறு' என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். திபெத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தோன்றியது, புத்தருக்குத் தெரிந்திருந்தது, இயேசு நோயாளிகளைத் தொட்டுக் குணப்படுத்தியதும் இதே முறையில்தான், நடுவில் மறைந்துபோனதை ஜப்பானில் ஒருவர் மீட்டெடுத்தார் என்று போகும். இதை நம்பாதவர்கள் எதிர்க்கோடிக்குப் போய்விடுவார்கள்: ஜப்பானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அமெரிக்காவில் கட்டிவிட்ட கதை என்பார்கள். இரண்டுமே தவறு. உண்மையில் நடந்தது இவற்றைவிடச் சுவையானது. அதில் பிரெஞ்சு மன்னரும் வருகிறார், ஜப்பானியப் போலீசும் வருகிறது, ஹவாயின் கரும்புத் தோட்டமும் நம் அடையாறும் வருகின்றன.

இந்தக் கதையைப் பழைய காகிதங்களிலிருந்து தோண்டி எடுத்தவர்கள் மத வரலாற்று ஆய்வாளர்கள். அவர்களில் முன்னோடி யோஷிநாகா ஷின்இச்சி (1957–2022). ஜப்பானின் மாய்சுருவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பெரிய பல்கலைக்கழகங்கள் குப்பை என்று ஒதுக்கிய நூற்றாண்டுப் பழைய வைத்தியக் கையேடுகளையும் ஆன்மிகச் சிற்றிதழ்களையும் தேடிச் சேர்த்தார். அவற்றில் பலவற்றை மறுபதிப்பாகவும் கொண்டுவந்தார். ஹிரானோ நவோகோ, ஜஸ்டின் ஸ்டைன் போன்றவர்கள் அந்த வழியில் ரெய்கியையே தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இவர்கள் உழைப்பால் வெளிச்சத்துக்கு வந்தது.

முதலில் வயலினை நினைத்துக்கொள்ளுங்கள்

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் வயலின் இல்லாவிட்டால் மேடை நிறையாது. ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மதராஸில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அதைக் கற்றுக்கொண்டார். அப்புறம் நம்மவர்கள் அதன் தந்திகளை நம் சுருதிக்கு ஏற்ப மாற்றினார்கள். நின்றுகொண்டு வாசித்ததைச் சம்மணமிட்டு உட்கார்ந்து, முனையைப் பாதத்தில் ஊன்றி வாசித்தார்கள். கமகம் வந்தது. இன்று லால்குடி பாணி, பரூர் பாணி என்று நமக்கே உரிய வழிகள் இருக்கின்றன.

இப்போது ஒருவர் வயலின் வேத காலத்து வாத்தியம் என்று சொன்னால் அது தவறு. இன்னொருவர், இது வெளிநாட்டுச் சரக்கு, கர்நாடக வயலின் என்று ஒன்று கிடையாது என்றால் அதுவும் தவறு. வந்த வழி ஒன்று, வந்தபின் ஆனது இன்னொன்று.

வைத்திய முறைகளும் ஆன்மிகக் கருத்துகளும் இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. வயலின் வந்த வழியை யாரும் மறைக்கவில்லை. ஆன்மிக முறைகளுக்கோ பழமைதான் மதிப்பு. அதனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் யாராவது ஒருவர் பழைய முகவரியை அழித்து, அதைவிடப் பழைய முகவரி ஒன்றை எழுதிவிட்டார்கள்.

மேற்கத்திய மறைஞானம் என்றால் என்ன?

இந்தச் சொல்லை இங்கே ஒருமுறை விளக்கிவிடுகிறேன். ஐரோப்பாவில் தேவாலயமும் ஏற்காத, பிற்பாடு அறிவியலும் ஏற்காத அறிவு வகைகள் பல இருந்தன: ரசவாதம், சோதிடம், ஆவிகளோடு பேசுதல், கண்ணுக்குத் தெரியாத உயிர்ச்சக்தி பற்றிய கோட்பாடுகள். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆய்வாளர்கள் வைத்த பெயர்தான் மேற்கத்திய மறைஞானம். இது பில்லி சூனியம் பற்றிய படிப்பு இல்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1999 முதல் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

நமக்கு வேண்டிய கிளை மெஸ்மரிலிருந்து தொடங்குகிறது. தமிழில் 'மெஸ்மரிசம் பண்ணிட்டான்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மெஸ்மர்தான். ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் (1734–1815) வியன்னாவில் மருத்துவராக இருந்து பாரிசுக்குப் போனவர். பிரபஞ்சம் முழுவதும் நுண்ணிய பாய்மம் ஒன்று நிறைந்திருக்கிறது, அது உடம்பில் தடைப்பட்டால் நோய், வைத்தியர் கைகளால் அதைச் செலுத்தினால் குணம் என்பது அவர் கொள்கை. இன்றைய ரெய்கி வகுப்பில் முதல் நாள் சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'பாய்மம்' என்ற இடத்தில் 'சக்தி' என்று போட்டால் போதும்.

பாரிஸ் நகரமே அவர் பின்னால் ஓடியதால் 16-ஆம் லூயி மன்னர் 1784-இல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் ஒருவர் ஒரு மரத்துக்கு மட்டும் சக்தி ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துப் போனார்கள். ஒவ்வொன்றிலும் அவனுக்கு வியர்த்தது, தலை சுற்றியது. நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ தள்ளி இருந்தது. பாய்மம் என்று ஒன்று இல்லை, கற்பனையின் வேலை இது என்று குழு எழுதிவிட்டது.

ஆனால் மயங்கி விழுந்தது உண்மைதானே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஃபினியாஸ் குவிம்பி (1802–1866). நம்பிக்கைதான் நோயாளியைக் குணமாக்குகிறது என்றால் மனதையே மருந்தாக்கலாமே என்றார் அவர். அந்த விதையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுச் சிந்தனை இயக்கம் முளைத்தது. எண்ணத்தை மாற்று, உடம்பு மாறும், வாழ்க்கை மாறும் என்பது அதன் சாரம். இன்று யூடியூபில் 'பாசிட்டிவ் எனர்ஜி' என்று ஓடுவதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

அந்த இயக்கத்தில் வில்லியம் வாக்கர் அட்கின்சன் (1862–1932) என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1903 முதல் 'யோகி ராமசரக' என்ற புனைபெயரில் மூச்சுப் பயிற்சி, ஹட யோகம், பிராணனைக் கைவழியே செலுத்திக் குணப்படுத்துதல் என்று வரிசையாக எழுதினார். யோகி என்ற பெயரைப் பார்த்து, எழுதியவர் இந்தியர் என்றே உலகம் நம்பியது.

இதுவரை பார்த்தது: கையால் சக்தி செலுத்தும் கொள்கை ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அமெரிக்காவில் அது மனதின் சக்தியாக மாறி, அப்புறம் இந்திய உடை போட்டுக்கொண்டது.

அடையாறு வழியாக ஒரு பாதை

பிரம்மஞான சபையைச் சென்னைக்காரர்களுக்கு ஆலமரமாகத் தெரியும். 1875-இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் மற்றும் சிலரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. 1882-இல் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ரகசிய ஞானம் இருக்கிறது, அதைக் காப்பவர்கள் இமயத்துக்கு அப்பால் திபெத்தில் வாழும் மகாத்மாக்கள் என்பது பிளாவட்ஸ்கியின் போதனை. இந்தத் திபெத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும்.

ஆல்காட் வெறும் பேச்சாளர் இல்லை, மெஸ்மர் முறை வைத்தியரும்கூட. 1882-இல் இலங்கையின் காலி நகரில் பக்கவாதக்காரர்களின் கை கால்களைத் தடவி வைத்தியம் செய்யத் தொடங்கினார். செய்தி பரவிக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தார். அதே ஆல்காட்தான் 1889-இல் இலங்கையின் பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபாலரோடு ஜப்பானில் போய் இறங்கினார். ஜப்பானிய பௌத்தர்களே அடையாறுக்கு ஆள் அனுப்பி அவரை அழைத்திருந்தார்கள். கிறிஸ்தவ மிஷனரிகளுக்கு முன்னால் கூனிக்குறுகி நின்ற காலம் அது. ஒரு வெள்ளைக்காரர் வந்து உங்கள் பௌத்தம்தான் உயர்ந்தது என்று மேடையில் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! நாடு முழுக்கப் பேசினார்.

ஆல்காட் ஜப்பானுக்கு ரெய்கியைக் கொண்டுபோகவில்லை. ஜப்பானின் கதவு இந்த மறைஞானப் பக்கமும் திறந்திருந்தது என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன். யோஷிநாகா இந்தத் தொடர்புகளைப் பல ஆண்டுகள் துருவினார். மேற்கு கொண்டுவந்து திணித்தது, கிழக்கு வாங்கிக்கொண்டது என்ற வழக்கமான கதையை அவர் ஏற்கவில்லை. ஜப்பானியர்கள் தங்கள் தேவைக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்தார்கள், மற்றதை விட்டார்கள் என்பது அவர் காட்டிய படம். அந்தப் பார்வை எனக்குச் சரியாகவே படுகிறது. ஜென் பௌத்தத்தை மேற்குக்குக் கொண்டுபோன டி. டி. சுசுகி 1910-இல் ஸ்வீடன் நாட்டு மறைஞானி ஸ்வீடன்போர்க்கை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார்; 1920-களில் கியோட்டோவில் அவர் வீட்டைச் சுற்றியே ஒரு பிரம்மஞானக் கிளை இயங்கியது. இதை ஒரு ஜென் மடத்தில் போய்ச் சொன்னால் இன்றும் பலர் வியப்பார்கள்.

ஜப்பானியப் போலீஸ் செய்த உதவி

1903 வாக்கில் ஜப்பானில் ஹிப்னாடிசம் ஒரு காய்ச்சல்போலப் பரவியது. ஹிப்னாடிசம் என்பது மெஸ்மரிசத்திலிருந்து பாய்மத்தைக் கழித்துவிட்டு, ஆழ்ந்த கவனநிலையை மட்டும் எடுத்துக்கொண்ட முறை. பள்ளி ஆசிரியர்கள் முதல் மேடை வித்தைக்காரர்கள் வரை எல்லாரும் அதைச் செய்தார்கள். ஏமாற்று வேலைகளும் பெருகின. 1908-இல் வந்த போலீஸ் சட்டம் ஒன்று, கண்டபடி ஹிப்னாடிசம் செய்வது தண்டனைக்குரிய குற்றம் என்றது.

தொழில் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? பெயரை மாற்றினார்கள். இனி இது ஹிப்னாடிசம் இல்லை, ஆன்ம வைத்தியம் என்றார்கள். ஜப்பானிய மொழியில் சேய்ஷின் ரியோஹோ. பெயர் மாறியதோடு நிற்கவில்லை, உள்ளடக்கமும் மாறியது. உள்நாட்டில் ஏற்கெனவே கி என்ற உயிர்மூச்சுக் கருத்து இருந்தது. மலைத் துறவிகளின் உபவாசமும், பௌத்தத் துறவிகளின் மந்திர வைத்தியமும், தொப்புளுக்குக் கீழே மனதைக் குவிக்கும் பயிற்சியும் இருந்தன. இவற்றோடு ராமசரகவின் பிராணன் வந்து கலந்தது. 'பிராண வைத்தியம்' என்ற பெயரிலேயே ஜப்பானில் வைத்தியம் நடந்தது. சிகாகோவில் ஒரு வழக்கறிஞர் எழுதிய இந்திய யோகம், டோக்கியோவில் ஜப்பானிய வைத்தியமாகிவிட்டது.

பசிபிக்கை இது முதல் முறை தாண்டியது.

உசுயியின் கல்வெட்டு

ரெய்கியின் நிறுவனர் உசுயி மிகாவோ (1865–1926) கிஃபு மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவர் இறந்த மறு ஆண்டு, 1927 பிப்ரவரியில், டோக்கியோவின் சாய்ஹோஜி கோயில் கல்லறைத் தோட்டத்தில் மாணவர்கள் ஒரு பெரிய நினைவுக் கல் நட்டார்கள். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று அதுதான்.

உசுயி வரலாறு, மருத்துவம், பௌத்த நூல்கள், கிறிஸ்தவ வேதம், உளவியல், சோதிடம் எல்லாம் படித்தவர், மேலை நாடுகளுக்கும் சீனாவுக்கும் போனவர் என்கிறது கல். கியோட்டோ அருகே குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்தார். கடைசியில் தலைக்கு மேல் ஒரு பெரும் சக்தியை உணர்ந்தார். 1922 ஏப்ரலில் டோக்கியோவில் சங்கம் தொடங்கினார். 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்து சாம்பலானபோது தெருத்தெருவாகப் போய்க் காயம்பட்டவர்களுக்கு உதவினார். இந்த முறையைத் தன் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். இவ்வளவும் அந்தக் கல்லில் இருக்கிறது. திபெத் இல்லை. சக்கரம் இல்லை. ரகசியம் என்ற பேச்சுக்கு நேர்மாறாக, ஊருக்கெல்லாம் கொடு என்கிறது.

உசுயி சீடர்களுக்குக் கொடுத்த ஐந்து நெறிகளும் கல்லில் உண்டு: இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, வேலையைக் கருத்தாகச் செய், பிறரிடம் அன்பாக இரு. காலையும் மாலையும் கைகூப்பி உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும். இதைப் புராதன ஞானம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் சுசுகி பிசான் என்பவர் 1914-இல் எழுதிய நூலில், 'இன்று மட்டும்' என்று தொடங்கி ஏறக்குறைய இதே அறிவுரைகள் வருவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அவரோ அமெரிக்கப் புதுச் சிந்தனை இயக்கத்தின் தாக்கத்தில் எழுதியவர். 'ரெய்கி வைத்தியம்' என்ற பெயரையேகூட, உசுயிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1919-இல் கவகாமி என்ற இன்னொரு வைத்தியர் தன் புத்தகத்துக்கு வைத்திருந்தார்.

இதனால் உசுயி திருடர் ஆகிவிடுவாரா? என் கருத்தில் இல்லை. அந்தக் காலத்தில் டோக்கியோவில் காற்றோடு கலந்திருந்த கருத்துகள் இவை. அவற்றைத் தன் மலைத் தவத்தோடும் ஜப்பானிய ஒழுக்கத்தோடும் சேர்த்து, சாதாரண ஆட்கள் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய முறையாகக் கட்டினார். அந்தக் கட்டுமானம் அவருடையது.

சுருக்கமாக: ரெய்கிக்கு வயது சுமார் நூறு. பிறந்த ஊர் டோக்கியோ. ஆனால் பெற்றோர் பல நாட்டுக்காரர்கள்.

ஹவாயில் ஒரு விதவைப் பெண்

ரெய்கி உலகத்துக்குப் போனது ஹவாயோ தகாட்டா (1900–1980) என்ற ஒரே ஒரு பெண்ணால். ஹவாயின் கவாய் தீவில், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய வந்த ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். 1930-இல் கணவர் இறந்துபோனார்; இரண்டு சிறு பெண் குழந்தைகள்; உடம்பும் கெட்டது. 1935-இல் ஜப்பானுக்குப் போனபோது, உசுயியின் சீடரும் முன்னாள் கடற்படை அதிகாரியுமான ஹயாஷி சுஜிரோவின் டோக்கியோ வைத்தியசாலையில் குணமடைந்ததாக அவரே சொன்னார். அங்கேயே கற்றுக்கொண்டு 1937-இல் ஹவாய் திரும்பித் தொழில் தொடங்கினார். பசிபிக்கை இரண்டாம் முறை தாண்டியாயிற்று.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. ஹவாயில் ஜப்பானியர் என்றாலே சந்தேகம்; பௌத்தத் துறவிகளையும் ஜப்பானிய மொழி ஆசிரியர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சூழலில் ஒரு ஜப்பானியப் பெண், ஜப்பானிய மாமன்னரின் கவிதைகளைச் சொல்லிப் பழகிய ஒரு சங்கத்தின் வைத்தியத்தை அமெரிக்கர்களுக்கு எப்படிச் சொல்ல முடியும்? தகாட்டா சொன்ன கதையில் உசுயி ஒரு கிறிஸ்தவப் போதகர் ஆனார். கியோட்டோவின் தோஷிஷா கல்லூரியில் இருந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், இயேசு எப்படிக் குணப்படுத்தினார் என்று மாணவர்கள் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர் ஆனார். பிற்பாடு இரண்டு இடங்களிலும் தேடிப் பார்த்தார்கள். பதிவேடுகளில் உசுயியின் பெயர் இல்லை.

இதைப் பொய் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தன் மக்கள் அனுபவித்ததைக் கண்முன்னால் பார்த்த ஒரு பெண், தன் தொழிலையும் தன் குருவின் முறையையும் காப்பாற்றிய வழி அது. அவர் இல்லாவிட்டால் ரெய்கி இன்று டோக்கியோவில் ஒரு சின்னச் சங்கத்தோடு நின்றிருக்கும். 1970-களில் அமெரிக்க நிலப்பகுதியில் பரவலாகக் கற்பித்தார். குரு நிலைக்கு 10,000 டாலர் கட்டணம் வைத்தார். இறப்பதற்குள் 22 பேரைக் குருவாக்கினார். இன்று உலகில் இருக்கும் ரெய்கி ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோரின் குரு பரம்பரை இந்த 22 பேரில் ஒருவரிடம் போய் முடிகிறது.

சக்கரமும் திபெத்தும் எப்போது ஏறின?

தகாட்டாவுக்குப் பின், 1980-களில், ரெய்கி அமெரிக்காவின் 'நியூ ஏஜ்' என்ற புது ஆன்மிக உலகத்துக்குள் போனது. அங்கே படிகக் கற்கள், ஒளிவட்டம், ஏழு சக்கரம் எல்லாம் ஏற்கெனவே மேசையில் இருந்தன. ரெய்கி அவற்றோடு சேர்ந்துகொண்டது.

அந்தச் சக்கரங்களின் பாதையும் அடையாறு வழியாகவே போகிறது. பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் 1927-இல் வண்ணப் படங்களோடு வெளியிட்ட நூல்தான் மேற்கில் சக்கரங்களைப் பிரபலமாக்கிய நூல்களில் முக்கியமானது. திருமந்திரம் படித்தவர்களுக்கு ஆறு ஆதாரங்கள் தெரியும். வானவில் வரிசையில் சிவப்பு முதல் ஊதா வரை ஏழு நிறம் பூசிய சக்கரப் படம் அதில் இல்லை. அந்த வரிசை 20-ஆம் நூற்றாண்டு மேற்கில் உருவானது. இன்று சென்னையில் ஒரு ரெய்கி மையத்தின் சுவரில் அந்த வானவில் படம் தொங்கினால், அது அமெரிக்கா போய்ச் சுற்றி வந்த படம்.

திபெத்தும் அப்படியே. ரகசிய ஞானம் என்றால் திபெத்தில்தான் இருக்கும் என்று மேற்கத்திய வாசகர்களைப் பழக்கியவர் பிளாவட்ஸ்கி. நூறு ஆண்டு கழித்து ரெய்கிக்கு ஒரு பழைய பிறப்பிடம் தேவைப்பட்டபோது, அந்த இடம் தயாராகக் காத்திருந்தது.

இந்த நிலையில் 1980-களின் நடுவில் ரெய்கி ஜப்பானுக்கே திரும்பிப் போனது. மூன்றாம் முறை. அங்கே இளைஞர்கள் அதை அமெரிக்காவிலிருந்து வந்த புது முறையாகக் கற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பயன்படுத்தும் எழுத்தில் அதன் பெயரை எழுதினார்கள். உசுயியின் பழைய சங்கமோ டோக்கியோவிலேயே விளம்பரம் எதுவும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்தது.

சரி, வேலை செய்யுமா?

இது வரலாற்றுக் கேள்வி இல்லை. பழையது என்பதால் ஒரு வைத்தியம் பலிக்காது. புதியது என்பதால் பொய்யாகியும் விடாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ரெய்கிக்கு நெருங்கிய உறவான 'தெரப்யூட்டிக் டச்' என்ற முறையை 1970-களில் அமெரிக்காவில் தொடங்கியவர் இருவர்: ஒருவர் செவிலியர் பேராசிரியர் டொலோரஸ் கிரீகர், இன்னொருவர் பிரம்மஞான சபைக்காரரான டோரா குன்ஸ். நோயாளியைத் தொடாமலே அவரது சக்திப் புலத்தைக் கையால் உணரலாம் என்றார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அதிலிருந்த துளைகள் வழியே வைத்தியர் இரு கைகளையும் நீட்டுவார். சிறுமி காசைச் சுண்டிப் பார்த்து, வலக்கை அல்லது இடக்கைக்கு மேல் தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று அவர் சொல்ல வேண்டும். 21 வைத்தியர்கள், 280 முறை. சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது.

ரெய்கி சொல்லும் சக்தியையும் எந்தக் கருவியும் இதுவரை அளந்து காட்டவில்லை. அதே சமயம், அமைதியான அறையில் ஒருவர் அவசரப்படாமல் ஒரு மணி நேரம் உங்கள் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தால் மனசு லேசாகும், பதற்றம் குறையும். பல பேர் ரெய்கிக்குத் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான். அதற்காகப் போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் சர்க்கரை மாத்திரையை விடு, கீமோவைத் தள்ளிப்போடு என்று சொல்கிறவர் எத்தனை பெரிய குருவாக இருந்தாலும், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.